வாசகர் கேள்வி – பதில்: ‘எண்ணெய்’ என்ற சொல்லால் வரும் குழப்பம்

கேள்வி: என் மகனுக்கு ஒன்றரை வயது. தடிமனும் மூக்கடைப்புமாக இரவெல்லாம் அழுகிறான். யூக்கலிப்டஸ் எண்ணெயை நெஞ்சிலும் மூக்கின் கீழும் பூசி, வேதும் பிடிக்கச் சொல்கிறார் மாமி. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் தந்த சிறு போத்தல் ஒன்று வீட்டில் இருக்கிறது. பயன்படுத்தலாமா?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: வேண்டாம், பூசவும் வேண்டாம், வேது பிடிக்கவும் வேண்டாம். மாமியின் அக்கறையில் குறை சொல்ல எதுவுமில்லை. குழப்பம் ‘எண்ணெய்’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் தேய்த்து வளர்ந்த நமக்கு எண்ணெய் என்றால் உடம்புக்குக் குளிர்ச்சி தருவது, உள்ளங்கை நிறைய ஊற்றித் தேய்க்கத் தக்கது. உங்கள் போத்தலில் இருப்பதோ கொழுப்பு அறவே இல்லாத, திறந்து வைத்தால் காற்றோடு போய்விடுகிற, இலைகளை நீராவியில் வடித்து எடுத்த செறிந்த சாரம். சில கடைகளில் இதற்கு ‘அத்தியாவசிய எண்ணெய்’ என்று பெயரெழுதி வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். ‘எசென்ஷியல் ஒயில்’ என்ற ஆங்கிலப் பெயர் குறிப்பது சாரத்தை. அரிசி பருப்பைப் போல வீட்டில் இருந்தே தீரவேண்டிய பொருள் என்பதை அல்ல. மொழிபெயர்த்தவர் அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிட்டார் போலும்.

யூக்கலிப்டஸில் உள்ள சினியோல், புதினாவில் உள்ள மென்தோல், கற்பூரம் ஆகியவற்றின் நெடி கைக்குழந்தைகளின் மூக்கருகே வரும்போது, குரல்வளை இறுகி மூச்சு தடைப்படக் கூடும். கடைகளில் விற்கும் மென்தோல் பாம்களும் இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு உகந்தவை அல்ல. விழுங்கிவிட்டால் ஆபத்து இன்னும் பெரிது: ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர் யூக்கலிப்டஸ் எண்ணெயோ அதற்கும் குறைவான அளவோ கூட ஒரு சிறு பிள்ளையை மயக்கத்திலோ வலிப்பிலோ தள்ளப் போதுமானது. வேது பிடிப்பதில் எண்ணெயைவிடக் கொதிநீர்ச் சட்டியே முதல் பகை. துவாய்க்குள் திமிறும் பிள்ளையின் காலில் அது கவிழ ஒரு நொடி போதும்.

மகனுக்குப் பார்மசியில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டுகளை மூக்கில் விட்டு, பாலையோ தண்ணீரையோ சிறிது சிறிதாக அடிக்கடி கொடுங்கள். மூச்சு வேகமாக வாங்கினால், விலாவுக்கடியில் குழி விழுந்தால், குடிக்க மறுத்தால் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

போத்தலை எட்டாத உயரத்தில், பூட்டிய அலுமாரியில் வையுங்கள். தவறி ஒரு பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; எண்ணெய் திரும்பி வரும் வழியில் நுரையீரலுக்குள் இறங்கினால் அங்கே வேறொரு நோயை உண்டாக்கும். 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள்; போத்தலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கண்ணில் தெறித்தால் ஓடும் நீரில் கால் மணி நேரமாவது கழுவ வேண்டும்.

கேள்வி: நிலாவெளியில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறேன். அறைகளில் வாசனைக்கும், கேட்பவர்களுக்குக் கைகால் பிடித்துவிடவும் கறுவா, தேசிக்காய் எண்ணெய்கள் வாங்க நினைக்கிறேன். சுத்தமானதை எப்படி அறிவது?
– வாசகர், நிலாவெளி

பதில்: முதலில் விலையைப் பாருங்கள். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு ஏறத்தாழ 3,000 முதல் 5,000 கிலோ வரை இதழ்கள் தேவை. ஆகவே ரோஜாவும் தேசிக்காயும் ஒரே விலையில் ஒரே தட்டில் அடுக்கியிருந்தால், அவற்றில் ஒன்றாவது பொய். சுட்டுத்துண்டில் தாவரத்தின் அறிவியற் பெயர், எடுத்த பகுதி, தொகுதி இலக்கம், காலாவதித் திகதி ஆகியவை இருக்க வேண்டும். வெள்ளைக் காகிதத்தில் ஒரு துளி விட்டு, காய்ந்தபின் எண்ணெய்க் கறை பெரிதாக நின்றால் மலிவான சமையலெண்ணெய் கலந்திருக்கலாம். ஆனால் சந்தனம், வெட்டிவேர் போன்ற கனத்த எண்ணெய்கள் இயல்பாகவே கறை விடும். செயற்கை வாசனையையும் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது.

கறுவாவில் ‘எடுத்த பகுதி’ என்ற வரி மிக முக்கியம். நம் நாட்டுக் கறுவாவின் இலையிலிருந்து வடிப்பதில் கராம்பு மணம் தரும் யூஜினோல்தான் பெரும்பகுதி. பட்டையிலிருந்து வடிப்பதில் கறுவா மணம் தரும் சினமால்டிஹைட் மிகுந்து, விலையும் பன்மடங்கு. பட்டை எண்ணெயைத் தோலில் பூசவே கூடாது. எரிவும் ஒவ்வாமையும் தருவதில் அது முன்னணியில் நிற்கிறது. தேசிக்காயில் வேறு சிக்கல். தோலைப் பிழிந்து எடுத்த எண்ணெயைப் பூசிக்கொண்டு கடற்கரை வெய்யிலில் இறங்கினால் தோல் வெந்து கறுத்துப் போகும். நிலாவெளியில் கைகால் பிடித்துவிட்டபின் விருந்தினர் போகுமிடம் கடற்கரைதானே. வடித்தெடுத்த தேசிக்காய் எண்ணெயில் இந்தத் தொல்லை இல்லை.

பிடித்துவிடுவதற்கு, பெரியவர்களுக்கு 30 மில்லிலீற்றர் தேங்காயெண்ணெயில் வடித்தெடுத்த தேசிக்காய் எண்ணெய் 12 துளி போதும். அது ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு. முந்திய நாளே முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் செய்யவே வேண்டாம். தோல் எரிந்தால் தண்ணீரை மட்டும் ஊற்றினால் போகாது; வெறும் தேங்காயெண்ணெயால் துடைத்தெடுத்தபின் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் யன்னலோரத்தில் போத்தலை வைக்காதீர்கள். சூட்டிலும் காற்றிலும் பழுதான எண்ணெய்தான் புதியதைவிடத் தோலை அதிகம் தாக்கும். இருண்ட நிறக் கண்ணாடிப் போத்தலே ஏற்றது. தேசிக்காய் எண்ணெய் சிலவகைப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். எல்லாமே தீப்பற்றக் கூடியவை என்பதால் விளக்கருகிலும் அடுப்பருகிலும் வைக்கலாகாது.

கேள்வி: நுளம்புச்சுருளின் புகை உம்மாவுக்கு ஒத்துவரவில்லை. சிட்ரோனெல்லா என்ற புல்லின் எண்ணெயை, வாசனை பரப்பும் மின்கருவியில் விட்டால் டெங்கு நுளம்பு வராதா? வீட்டில் பூனையும் இருக்கிறது.
– வாசகி, கிண்ணியா

பதில்: 2017 இல் டெங்கு பரவியபோது கிண்ணியா பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், எனவே இந்த எண்ணெயை மட்டும் நம்பியிருக்காதீர்கள். சிட்ரோனெல்லா நுளம்பை விரட்டுவது உண்மையே. ஆனால் விரைவில் ஆவியாகிவிடுவதால் தோலில் பூசினாலும் அதன் பயன் பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். டெங்கு நுளம்போ பகலில், அதிலும் காலையிலும் பிற்பகலிலும், கடிப்பது. வாரம் ஒருமுறை தேங்கிய நீரை ஊற்றிக் கழுவுவதும், உம்மா பகலில் உறங்கினாலும் வலை கட்டுவதும் அதைவிடப் பயன் தரும்.

கருவியில் விடுவதானால் மூன்று நான்கு துளிகளுக்கு மேல் வேண்டாம். யன்னலைத் திறந்து வைத்து, அரை மணி நேரத்தில் நிறுத்திவிடுங்கள். புகை ஒத்துவராத உம்மாவுக்கு இந்த நெடியும் இருமலைத் தந்தால் உடனே அணைத்துவிடுங்கள். பூனையின் ஈரலுக்கு இந்தச் சாரங்கள் பலவற்றைச் சிதைத்து வெளியேற்றும் திறன் குறைவு. உடம்பில் பட்டதை அது நக்கித் துடைக்கும் என்பதால் அதன் மயிரில் ஒரு துளியும் படக்கூடாது. கருவி இயங்கும்போது பூனை வெளியே போக வழி திறந்திருக்கட்டும்.

கேள்வி: வயிற்றுப் பொருமலுக்குப் புதினா எண்ணெயைத் தண்ணீரில் ஒரு துளி விட்டுக் குடிக்கலாமா?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: கூடாது. அது தண்ணீரில் கரையாது. மேலே மிதந்து, செறிவு குறையாமல் அப்படியே தொண்டையைச் சுடும். புதினா இலையைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.