கட்சியில சேரலாமா, இயக்கத்துக்கு துணை நிக்கலாமா? அந்த நன்கொடை புரோக்கரை மட்டும் கிட்ட சேர்க்காதீங்க

வாசகர் கேட்டது இதுதான். தனியார் கம்பெனி வேலை, ஊர் ஏரி ஆக்கிரமிப்பை எதிர்த்து ஏதாவது செய்யணும்னு இருக்கார். நண்பர் கட்சியில சேரச் சொல்றார், இன்னொரு பக்கம் கட்சி சாராத ஒரு போராட்டக் குழு கூப்பிடுது. மனைவி மத்திய அரசு ஊழியர். இதுக்கு நடுவுல ஒருத்தர் "ஒரு சின்ன கட்சிக்கு நன்கொடை போடுங்க, வரியும் மிச்சம், பணமும் திரும்பி வந்துடும்"னு ஆசை காட்டியிருக்கார்.

உங்க காரியம் ஏரின்னா குழுவோட ஆரம்பிங்க. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற தமிழ்நாட்டுல 2007லயே தனிச் சட்டம் வந்தாச்சு, ஆனா மனு மேல மனு போட்டு பின்னாடியே அலைஞ்சாத்தான் அளக்கவே வர்றாங்க, வயிறு எரியுது. அந்த அலைச்சலுக்கு குழுதான் சரி. கட்சியில இருந்தா கவுன்சிலர், எம்எல்ஏவை நேர்ல பார்க்கலாம், அது பெரிய பலம்தான், ஆனா ஆக்கிரமிச்சவரே அதே கட்சிக்காரரா இருந்தா உங்களைத்தான் அடக்கி வாசிக்கச் சொல்வாங்க. சேர்ந்துட்டா வெளிய வர முடியாதோன்னு பயம் வேண்டாம், கட்சித் தாவல் சட்டம் எம்பி, எம்எல்ஏக்களுக்குத்தான், சாதாரண உறுப்பினர் ஒரு கடிதம் எழுதிக் குடுத்துட்டு விலகிடலாம்.

இப்ப அந்த புரோக்கர். நீங்க பேங்க்ல இருந்து பணம் அனுப்புவீங்க, அவங்க கமிஷனைப் புடிச்சுக்கிட்டு மிச்சத்தை கேஷா திருப்பித் தருவாங்க, முழுத் தொகைக்கும் ரசீது வரும், அதை கட்சி நன்கொடைக்கான வருமான வரிக் கழிவுல (80ஜிஜிசி) காட்டி ரீஃபண்ட் வாங்கச் சொல்வாங்க. இது சுத்தமான மோசடி. மாட்டினா வரி, வட்டி, அதுக்கு மேல தப்பான தகவல் குடுத்ததுக்கு வரியில 200 சதவீதம் வரைக்கும் அபராதம், நோட்டீஸ் உங்க பேருக்குத்தான் வரும், அவர் போனே எடுக்க மாட்டார். பேருக்கு பதிவு பண்ணி வெச்சிருந்த 334 கட்சிகளை தேர்தல் ஆணையம் 2025 ஆகஸ்ட்ல பட்டியல்ல இருந்து நீக்குச்சு, இத்தனை வருஷம் என்ன பண்ணிட்டு இருந்தாங்கன்னு யார் கேக்கறது? அதுவும் புது வரி முறையில இருக்கறவங்களுக்கு இந்தக் கழிவே கிடையாது. உங்க கட்சிக்கு நிஜமாவே குடுக்கணும்னா தாராளமா குடுங்க, கேஷா குடுத்தா மட்டும் கழிவு கிடைக்காது.

"வட்டப் பொறுப்பு வாங்கித் தரேன், இவ்வளவு செலவாகும்"னு ஒருத்தர் வருவார், அவரையும் வாசலோட அனுப்பிடுங்க.

குழுன்னா எல்லாரும் உத்தமர்னு நினைச்சுடாதீங்க. வாட்ஸ்அப்ல தனி ஆள் ஒருத்தரோட ஜிபே நம்பர் வந்தா பணம் போடாதீங்க. குழு பேர்ல பேங்க் கணக்கு இருக்கா, போன வருஷ வரவு செலவை காட்டுவாங்களான்னு கேளுங்க, கேட்டதுக்கே கோவப்பட்டா அங்க நிக்காதீங்க.

மனைவி விஷயம்தான் கொஞ்சம் நிதானமா பார்க்கணும். 1964 நடத்தை விதிகள்ல 5வது விதி, மத்திய அரசு ஊழியர் கட்சியில உறுப்பினரா இருக்கக் கூடாது, அரசியல் இயக்கத்துக்கு சந்தாவும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லுது. அது அவங்களுக்கு, உங்களுக்கு இல்ல. குடும்பத்தார் பத்தியும் அதுல இருக்கு, ஆனா அது சட்டப்படி அமைஞ்ச அரசைக் கவிழ்க்கற மாதிரி காரியத்துல அவங்க இறங்காம தடுக்க முயற்சி பண்ணணும், முடியலைன்னா தகவல் குடுக்கணும்ங்கறது, ஏரிக்கு மனு குடுக்கறது அதுல வராது. ஆனா உங்க மனைவி தன் உடம்புலயோ வண்டியிலயோ வீட்டுலயோ தேர்தல் சின்னத்தை காட்டினாலே செல்வாக்கை பயன்படுத்தினதா எடுத்துப்பாங்க. அதனால கட்சியில சேர்ந்தாலும் வீட்டு கேட்லயும் அவங்க பேர்ல இருக்கற வண்டியிலயும் ஸ்டிக்கர் ஒட்டாதீங்க, நன்கொடையை ஜாயின்ட் அக்கவுன்ட்ல இருந்து அனுப்பாதீங்க, உங்க பேர்ல மட்டும் இருக்கற கணக்குல இருந்து அனுப்புங்க.