தொந்தரவு இல்லையா, தெரியவில்லையா?

கேள்வி: எனக்கு 46 வயது. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. செக்கப் என்று போனால் இல்லாத வியாதியை எழுதிக் கொடுத்துவிடுவார்களோ என்று பயம். நன்றாக இருக்கிறவன் எதற்குப் போக வேண்டும்?

பதில்: உங்கள் பயத்தில் பாதி நியாயமானது. ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று அச்சிடும் எல்லை, பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 100க்கு 95 பேர் அடங்கும்படி வகுக்கப்படுகிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், எந்த நோயும் இல்லாதவருக்கே குறைந்தது ஒரு டெஸ்டாவது எல்லை தாண்ட 64 சதவீத வாய்ப்பு உண்டு. அறுபது டெஸ்ட் பேக்கேஜ் உங்களுக்கு வேண்டாம்.

மறுபாதி ஆபத்தானது. உயர் ரத்த அழுத்தம் ஆண்டுக்கணக்கில் வலியே காட்டாது. சிறுநீரகம் பாதித் திறனை இழந்த பிறகும், அது வடிகட்டும் கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் நார்மலாகவே இருக்கலாம். நன்றாக இருப்பதாக உணர்வது எதற்கும் சான்றாகாது.

உங்கள் வயதில் ஆண்டுக்கொரு முறை பிரஷர், எடை, இடுப்புச் சுற்றளவு. வெறும் வயிற்றுச் சுகரும் கொழுப்பும் இப்போது ஒரு முறை. எவ்வளவு காலத்தில் திரும்பப் பார்ப்பது என்பதை அந்த முடிவு சொல்லும். சுகரோ பிரஷரோ கூடியிருந்தால் கிரியேட்டினினோடு சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். குடல் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

பிரஷரைத் தப்பாகப் பார்ப்பதுதான் அதிகம் நடக்கிறது. மாடியேறி வந்த கையோடு பட்டையைச் சுற்றினால் எண் ஏறத்தான் செய்யும். காபி, புகை, நடை எதுவானாலும் முடிந்து அரை மணி நேரம் போகட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படிய 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு உயரத்தில் தாங்கலாக இருக்கட்டும். சட்டைக் கைக்கு மேல் சுற்ற விடாதீர்கள். பருத்த கைக்குச் சிறிய பட்டை போட்டால் இல்லாத பிரஷரைக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். ஒரே நாள் 140/90 வந்தால் அது நோய் என்று முடிவாகாது. வேறு நாட்களிலும் அப்படியே வந்தால் தட்டிக்கழிக்காதீர்கள்.

சுகருக்கு 8 மணி நேரம் பட்டினி, தண்ணீர் குடிக்கலாம். 100 முதல் 125 வரை எச்சரிக்கைக் கட்டம். 126 வந்தால் இன்னொரு முறை எடுத்து உறுதிசெய்வார்கள். டெஸ்டுக்கு மூன்று நாள் முன்பிருந்து இனிப்பை நிறுத்தி ‘நல்ல ரிப்போர்ட்’ வாங்குவது உங்களையே ஏமாற்றிக்கொள்வது. இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி இந்த வித்தைக்கு மசியாது. ஆனால் ரத்தசோகை இருந்தால் அதுவும் தவறாகக் காட்டலாம், முன்பே சொல்லிவிடுங்கள்.

ரிப்போர்ட்டை அலமாரியில் செருகிவிடாமல், தேதி போட்டு எண்களை ஒரே நோட்டில் எழுதுங்கள். கிரியேட்டினின் 0.8 இருந்தது 1.1 ஆகிவிட்டாலும் இரண்டுமே ‘நார்மல்’தான், ஆய்வகம் கோடு போட்டுக் காட்டாது. பழைய எண்ணைக் கையில் வைத்திருக்கும் நீங்கள்தான் ஏன் ஏறியது என்று மருத்துவரிடம் கேட்க முடியும்.