மீன் குறைஞ்சிருச்சுன்னு விஞ்ஞானிங்க எப்படிச் சொல்றாங்க? கடலுக்குள்ள போய் எண்ணிப் பார்த்தாங்களா?

எண்ணல, யாராலயும் எண்ணவும் முடியாது. கரைக்கு வந்து இறங்குற மீன வச்சுத்தான் கணக்கு. நீங்க கேக்குற தோரணையப் பார்த்தா "ஏசி ரூம்ல உக்காந்து எழுதுறானுங்க"ன்னு யாரோ சொன்னதக் கேட்டுட்டு வந்திருக்கீங்கன்னு தெரியுது, அதான் இருக்கிற வேலைய விட்டுட்டு டைப் பண்றேன். நான் விஞ்ஞானி இல்ல. ஒரு ப்ராஜெக்ட்ல காண்ட்ராக்ட் ஃபீல்டு அசிஸ்டென்டா இருந்தேன், அவ்வளவுதான். ஊர் குளச்சல் பக்கம், வீட்டுல எல்லாரும் கடலுக்குப் போறவங்க, அதனால "மீனவன் கஷ்டம் உனக்கென்ன தெரியும்"னு கமெண்ட்ல வராதீங்க.

விடியறதுக்கு முன்னாடி மீன் இறங்குற துறையில நிக்கணும். எல்லா போட்டையும் பார்க்க முடியாது, அதனால எந்தத் துறை, எந்த நாள், வந்ததுல எந்தெந்த போட்டுன்னு ஒரு முறை வச்சு சாம்பிள் எடுப்பாங்க. என்ன வலை, எத்தன மணி நேரம் புடிச்சாங்க, எவ்வளவு கெடச்சுதுன்னு கேட்டு எழுதணும். அந்த மணி நேரம்தான் விஷயமே. போன வருஷம் வந்த அதே டன் இந்த வருஷமும் வந்தாக்கூட, அதுக்கு ரெண்டு மடங்கு நேரம் அலைய வேண்டியிருந்துச்சுன்னா கடல்ல மீன் கொறஞ்சிருக்கலாம்னுதானே அர்த்தம்?

அப்புறம் ஏலத்துல கொஞ்சம் சாளைய (மத்தி மீன்) காசு குடுத்து வாங்கி, வாய் நுனியில இருந்து வால் நுனி வரைக்கும் பலகையில வச்சு அளந்து, வயித்தக் கீறி சினை எந்தப் பருவத்துல இருக்குன்னு பார்த்து, தலைக்குள்ள இருக்கிற காதுக்கல்ல நோண்டி எடுக்கணும். குருணை அளவுதான் இருக்கும், அதுல இருக்கிற வளையத்த எண்ணித்தான் வயசு கண்டுபிடிப்பாங்க. நோட்டுப் பக்கமெல்லாம் செதில் ஒட்டி பேனா எழுதாது. துறையில பெரியவங்க, "மக்ளே, இத அளந்து நீ என்னத்தக் கிழிக்கப் போற"ம்பாங்க, ஆனா நல்ல சினை சாளையா பார்த்து எடுத்துத் தர்றதும் அவங்கதான்.

இப்படி அளந்ததுக்கு என்ன பிரயோஜனம்னா, கேரளாவுல 2012-ல கிட்டத்தட்ட 4 லட்சம் டன் சாளை கெடச்சுது, 2021-ல சுமார் 3,300 டன். லட்சம் இல்ல, ஆயிரம்! கொச்சியில இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க இதுக்கு மீனவங்கள மட்டும் குத்தம் சொல்லல. குஞ்சு மீனயும் சினை மீனயும் சேர்த்து அள்ளுனதும் காரணம், 2015 எல் நினோவும் (பசிபிக் கடல் வழக்கத்த விட சூடாகி, மத்த கடலோட நிலைமையையும் மாத்துறது) காரணம்னுதான் சொன்னாங்க. தென்மேற்கு மழைக்காலத்துல அடிக்கடல்ல இருந்து குளிர்ந்த தண்ணி மேல வந்தாத்தான் சாளை தின்னுற நுண்பாசி பெருகும், அது சரியா நடக்கலன்னா சாளை கரைப்பக்கம் வராது. கடல் சூடானா மீனவங்க என்ன பண்ணுவாங்க, ஆனா குஞ்ச விட்டுவைக்கலாம் இல்லையா? அதுக்குத்தான் கேரளாவுல 10 செ.மீ-க்குக் கீழ இருக்கிற சாளையும் 14 செ.மீ-க்குக் கீழ இருக்கிற அயிலையும் (கானாங்கெளுத்தி) புடிக்கக் கூடாதுன்னு சட்டமே போட்டாங்க. ஒரு தடவையாவது முட்டை போட்டுட்டு சாகட்டும்ங்கிறதுதான் கணக்கு.

எல்லாத்துக்கும் நான் தலையாட்டல. எங்க குமரி மாவட்டத்துலயே கிழக்குக் கரையில இருக்கிற சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரை விசைப்படகுக்கு மீன்பிடித் தடை, மேற்குக் கரையில இருக்கிற குளச்சல் பக்கம் ஜூன் 1-ல இருந்து ஜூலை 31 வரை. கடல் வேற, பருவம் வேற, புரியுது. ஆனா குஞ்சு மீன் வச்சிருக்கிற சின்ன வள்ளக்காரன மடக்குறதுல இருக்கிற வேகம், அதே குஞ்ச லோடு லோடா வாங்கி அரைச்சு கோழித் தீவனமும் இறால் தீவனமும் ஆக்குற மீன்தூள் கம்பெனி வாசல்ல ஏன் இல்ல? வாங்க ஆள் இருக்கிற வரைக்கும் புடிக்கத்தான் செய்வாங்க.

கேள்விக்கு சம்பந்தமில்லாத ஒண்ணு, மனசு கேக்கல. இந்த வேல முடிஞ்சு மத்தியானம் பஸ் ஏறுனா கண்டக்டர் மூக்கப் பொத்திக்கிட்டு "பின்னாடி போப்பா"ம்பாரு. நான் பேன்ட் சட்ட போட்டு கையில நோட்டு வச்சிருந்தேன், எனக்கே இப்படின்னா கூடை தூக்கி விக்கிற எங்க சித்திமாரு தினமும் என்னல்லாம் கேக்குறாங்கன்னு யோசிங்க. ராத்திரி அதே கண்டக்டர் வீட்டுலயும் சாளைக் குழம்புதான இருக்கும்? இதப் பத்தி யாராவது தனியா கேள்வி போடுங்க, சொல்ல நெறைய இருக்கு.