நவாப் நிலத்தில் ஆடும் நம்ம அணி: கேள்வி பதில்

வேலூர் கோட்டை மைதானத்தில் ஞாயிறுதோறும் ஆட வரும் பிள்ளைகளும், அவர்களைக் கூட்டி வரும் பெற்றோரும் மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பை கிரிக்கெட் ஆட்டங்களைப் பற்றி என்னிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஐம்பது வருடமாகத் தமிழ்நாடு அணியைத் தொடர்ந்து பார்த்து வருகிறவன் நான். நின்றபடி சொல்லும் பதில் பாதியில் அறுந்துபோகிறது என்பதால், இந்த முறை கேள்விகளைச் சீட்டில் எழுதித் தரச் சொன்னேன்.

வாலாஜாபேட்டை மாணவர்: சேப்பாக்கம் மைதானத்தை ஒட்டிய சாலைக்கும் எங்கள் ஊர்ப் பெயர்தான். தொடர்பு உண்டா?

உண்டு தம்பி. இரண்டுமே ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயர். 1768-ல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டியவர் அவர். கடைசி நவாப் 1855-ல் வாரிசு இல்லாமல் இறந்தபின் அந்தச் சொத்து ஆங்கிலேய அரசின் கைக்குப் போனது. 1846-ல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1865-ல் அங்கே இடம் பிடித்தது. ஆக, இன்றைக்கு நம் அணி ஆடுவது ஆற்காட்டு நவாபின் தோட்டத்தில்தான். சேப்பாக்கத்தில் உட்காரும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வராமல் இருந்ததில்லை.

ஆரணியிலிருந்து ஓர் ஆசிரியை: முதல் ரஞ்சி ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான் அம்மா. 1934 நவம்பர் 4, சேப்பாக்கம், மெட்ராஸும் மைசூரும். ரஞ்சிக் கோப்பை வரலாற்றின் முதல் பந்தை வீசியவர் நம் எம்.ஜே. கோபாலன். மைசூர் 48-க்குச் சுருண்டது. மெட்ராஸ் 130. திரும்பவும் மைசூர் 59. பொழுது சாய்வதற்குள் இன்னிங்ஸ் வெற்றி. ஏ.ஜி. ராம்சிங் மட்டும் 11 விக்கெட் எடுத்தார். கோபாலன் ஹாக்கியிலும் பெரிய ஆட்டக்காரர். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கா, இங்கிலாந்து கிரிக்கெட் பயணமா என்று வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. இங்கிலாந்து போன இவருக்கு அங்கே ஒரு டெஸ்ட் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கும்.

அதே ஆசிரியை: ராம்சிங் என்றால் சீக்கியரா? மெட்ராஸ் அணியில் எப்படி?

சீக்கியர்தான், மெட்ராஸ்காரரும்தான். அவருக்கு டெஸ்ட் வாய்ப்பு வரவில்லை. பிள்ளைகள் கிருபால் சிங், மில்கா சிங் இருவரும் இந்தியாவுக்கு ஆடினார்கள். கிருபால் 1955-ல் ஹைதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிராகத் தன் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தார். அதற்கு முந்தைய 1954-55 ரஞ்சிப் பருவம் அவருடையது. அரையிறுதியில் வங்காளத்துக்கு எதிராக 98, 97. இறுதியில் ஹோல்கர் அணியை இந்தூரில் சந்தித்தபோது 75, 91, கூடவே ஏழு விக்கெட். பாலு அழகணன் தலைமையில் மெட்ராஸ் முதல் முறையாகக் கோப்பையைத் தூக்கியது.

காட்பாடி கல்லூரி மாணவர்: இத்தனை பெரிய வீரர்கள் இருந்தும் ரஞ்சிக் கோப்பை இரண்டே முறைதானா? ஏன் சார்?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். 1954-55, அப்புறம் 1987-88. அவ்வளவுதான். இறுதிவரை போய்த் தோற்றது பத்து முறை. அந்தப் பத்தில் ஐந்து பம்பாயிடம்.

முதல் காரணம் அந்தப் பம்பாய்தான். 1958-59 தொடங்கி 15 வருடம் தொடர்ந்து கோப்பையை விடாத அணி அது. இரண்டாவது காரணம் நம் ஆடுகளம். நம்மிடம் சுழல் பலம் இருக்கிறது என்று பந்து திரும்பும் பிட்ச் போடுவோம். எதிரணியிலும் நல்ல சுழல் பந்துவீச்சாளர் இருந்தால் அது நம் கழுத்துக்கே கத்தி. 1972-73 இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள். நம் பக்கம் வெங்கட்ராகவன், வி.வி. குமார் என்று இரண்டு பெரிய கைகள். பம்பாயை 151-க்கும் 113-க்கும் அடக்கினோம். நாம் எடுத்ததோ 80, 61. பம்பாயின் சுழல் பந்துவீச்சாளர் பத்மாகர் ஷிவல்கர் 16 ரன்னுக்கு 8 விக்கெட், 18 ரன்னுக்கு 5 விக்கெட் என்று நம்மை உரித்துவிட்டார். மூன்றாம் நாள் முதல் பந்திலேயே ஆட்டம் முடிந்தது. 185 ரன் அடித்தால் போதும் என்ற நிலையில் சொந்த மண்ணில் 61! பந்துவீச்சாளர்களை நம்பிய அளவுக்கு மட்டையாளர்களைத் தயார் செய்யாத அணி அது என்பது என் கருத்து. 2011-12-ல் இதற்கு நேர்மாறு. பேட்டிங்குக்கே ஏற்ற சேப்பாக்க பிட்சில் ராஜஸ்தான் முதலில் ஆடி ரன் மலையைக் குவித்தது, ஆட்டம் டிரா ஆனதால் முதல் இன்னிங்ஸ் முன்னிலையில் கோப்பை அவர்களிடம் போனது. அங்கே தேவைப்பட்டது வேகப்பந்து. அது நம்மிடம் பெரும்பாலும் குறைவுதான்.

1987-88 மட்டும் எல்லாம் சேர்ந்து வந்தது. ரயில்வேஸோடு சேப்பாக்கத்தில் இறுதி ஆட்டம். கேப்டன் எஸ். வாசுதேவன். நாங்கள் நாலு பேர் காட்பாடியில் விடிகாலை ரயில் பிடித்து, கட்டுச்சோற்று மூட்டையோடு போனோம். நம் அணி 709 ரன் குவித்தது. ஸ்கோர் பலகையில் எழுநூறு ஏறியபோது பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். 1955 வெற்றியை ரேடியோவில் கேட்டவராம். இன்னிங்ஸும் 144 ரன்னும் வித்தியாசத்தில் வென்றோம். 33 வருடக் காத்திருப்பு. அதற்கு அடுத்த பருவத்தில் டபிள்யூ.வி. ராமன் கோவாவுக்கு எதிரான 313 உட்பட 1,018 ரன் குவித்து, ஒரே ரஞ்சிப் பருவத்தில் அதிக ரன் என்ற அன்றைய சாதனையை உடைத்தார். கோப்பை மட்டும் அதன்பின் இன்னும் திரும்பவில்லை.

ராணிப்பேட்டை ஆலை ஊழியர்: இந்தியாவுக்கு ஆடாமலே போன நம் நல்ல வீரர் யார்?

எனக்கு இரண்டு பேர். கோப்பை வென்ற அதே வாசுதேவன், இடதுகைச் சுழல். அப்புறம் எஸ். சரத், தமிழ்நாட்டுக்காக 100 ரஞ்சி ஆட்டம் ஆடிய முதல் வீரர். எட்டாயிரத்துக்கு மேல் முதல்தர ரன் எடுத்த இடதுகை மட்டையாளர். ஒரு டெஸ்ட்கூட இல்லை. வி.வி. குமார் ஆடினார், ஆனால் எத்தனை? ரஞ்சியில் 400-க்கு மேல் விக்கெட் எடுத்த லெக் ஸ்பின்னர், 1961-ல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் டெஸ்டிலேயே ஐந்து விக்கெட் எடுத்தவர், மொத்தம் ஆடியது இரண்டே டெஸ்ட்.

ஆம்பூர் மாணவி: ஒருநாள், டி20 ஆட்டங்களில் நாம் எப்படி?

அங்கே நாம் கெட்டி. டி20-க்கான சையது முஷ்டாக் அலி கோப்பையை 2020-21, 2021-22 என்று அடுத்தடுத்து வென்றோம். இரண்டாவதில் கர்நாடகத்துக்கு எதிராகக் கடைசிப் பந்தில் ஐந்து ரன் தேவை. ஷாருக் கான் சிக்சர் அடித்தார். 2022-ல் ஒருநாள் ஆட்டத்துக்கான விஜய் ஹசாரே கோப்பையில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக ஜெகதீசன் 141 பந்தில் 277, சாய் சுதர்சன் 154. அணியின் 506 அன்று உலக சாதனை.

குடியாத்தம் பெற்றோர்: இது சென்னை அணிதானே? எங்கள் பையன் ஒன்பதாம் வகுப்பு, நன்றாகப் பந்து போடுகிறான். வழி இருக்கிறதா?

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தேர்வாளர்களின் கண் நெடுங்காலம் சென்னை லீக்கை விட்டு நகரவில்லை. சென்னையில் தங்கி ஆட வசதியில்லாத எத்தனையோ பிள்ளைகள் நம் பக்கத்தில் டென்னிஸ் பந்தோடு நின்றுபோனார்கள். 2016-ல் டிஎன்பிஎல், அதாவது தமிழ்நாடு பிரீமியர் லீக் என்ற டி20 போட்டி வந்தது நல்ல மாற்றம். திண்டுக்கல் நத்தம், திருநெல்வேலி என்று ஆட்டங்கள் வெளியே போயின. ஆனால் வேலூர் பெயரில் ஓர் அணி இல்லை. எனக்கு அது தீராத குறை.

வழி இருக்கிறது. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்தவர். சென்னை நான்காம் டிவிஷனில் தொடங்கி 2015 ஜனவரியில் ரஞ்சி ஆடினார். உடனே பந்துவீச்சு முறையில் சந்தேகம் என்று புகார். கையசைவைத் திருத்தி மீண்டு வந்து, 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் இந்தியாவுக்காக மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். பையனை இப்போதே லெதர் பந்துக்கு மாற்றுங்கள். கார்க் பந்தில் பழகினால் எழும்பும் விதமும் பிடியும் வேறு. மாவட்டச் சங்கத்தின் வயதுவாரித் தேர்வு எப்போது என்று விசாரித்துக்கொண்டே இருங்கள். பந்து போடும்போது பக்கவாட்டில் நின்று ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு அவனைக் கூட்டி வாருங்கள், முழங்கை எப்படிப் போகிறது என்று நான் பார்க்கிறேன்.