டிரைவிங் ஸ்கூல் காரில் சரி, வீட்டுக் காரில் எஞ்சின் ஓஃப் ஆகுது: மகனை அப்பாவே பழக்கலாமா?

இப்போதைக்கு டிரைவிங் ஸ்கூலை நிறுத்தாதீங்க. மகனுக்குக் கிளச் பிடிபட்ட பிறகு நீங்க பழக்குங்க.

ஸ்கூல் காரில் பயிற்றுநர் பக்கமும் பெடல் இருக்கும். அவர் மிதிச்சுச் சமாளிச்சிருப்பார், பிள்ளைக்குத் தெரிந்திராது.

அடுத்த வகுப்பில் அவரைத் தன் பக்கக் கிளச்சில் இருந்து காலை எடுக்கச் சொல்லிப் பாருங்க. சமதரை, முதல் கியர், அக்சிலரேட்டர் வேண்டாம். கிளச்சை மெல்ல விட, வண்டி அசையும் இடத்தில் இரண்டு செக்கன் காலை அப்படியே வைக்கணும். அந்த இடத்தில் சட்டென்று விட்டால்தான் ஓஃப் ஆகும். பத்துத் தரம் பிசகாமல் எடுத்தால், விடியக்காலையில் மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் கூட்டிப் போங்க. சனம் நிறைந்த காத்தான்குடி மெயின் வீதியைக் கடைசிக்கு வையுங்க!

ஒன்று: எல் போர்ட், லேனர்ஸ் பெர்மிட் இல்லாமல் வேண்டாம். பழகுநர் ஓட்டி இடிச்சால் இன்சூரன்ஸ் தருமா என்று முதலே கேளுங்க.