எடை இறங்காமல் நின்றுவிட்டால்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். பள்ளி ஆசிரியை, வயது 43, உயரம் 158 சென்டிமீட்டர். எடைக் குறைப்புக்காக ஸ்லீவ் அறுவைச் சிகிச்சை (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டிக் குறுகிய குழாய்போல ஆக்குவது) செய்துகொண்டு 14 மாதங்கள் ஆகின்றன. அப்போது 118 கிலோ இருந்தேன்; பத்து மாதங்களில் 84க்கு வந்தேன். அதற்குப் பிறகு ஒரு கிலோகூட இறங்கவில்லை. தினமும் காலையில் ஹரித்ராநதிக் குளக்கரையைச் சுற்றி நடக்கிறேன். சாப்பாடு ஒரு கைப்பிடிதான். பெரும்பாலும் குழைந்த தயிர்சாதம், அல்லது ரசம் சாதம். 'வயிற்றை வெட்டியும் இவ்வளவுதானா அண்ணி?' என்று என் நாத்தனார் நாலு பேர் முன்னால் கேட்கிறார். இதே சிகிச்சை செய்துகொண்ட தோழி ஒருவர், ஐந்து நாள் வெறும் திரவ உணவில் இருந்தால் இரைப்பை மறுபடி சுருங்கி எடை இறங்கும் என்கிறார். நீங்களும் எடைக் குறைப்புக்காக இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கி, உணவைக் குடலின் ஒரு பகுதியைத் தாண்டிப் போகவிடும் அறுவை) செய்துகொண்டவர் என்பதால் கேட்கிறேன். எனக்கு இந்தச் சிகிச்சை பலிக்கவில்லையா? இரண்டாம் முறை செய்ய வேண்டியிருக்குமா?

ச.

அன்புள்ள ச.,

நான் மருத்துவன் அல்லன். இந்தச் சிகிச்சையோடு சில ஆண்டுகளாக வாழ்ந்துவருபவன், அதைப் பற்றித் தேடிப் படிப்பவன். அந்த அளவுக்கு மட்டும் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். உங்கள் உயரத்துக்கு உடல் நிறை எண் (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ.) 25 என்றால் எடை ஏறத்தாழ 62 கிலோ இருக்க வேண்டும். ஆகவே அறுவைக்கு முன் உங்களிடம் இருந்த மிகை எடை 56 கிலோ; அதில் 34 போயிருக்கிறது, அதாவது அறுபது சதவீதத்துக்கு மேல். மிகை எடையில் பாதி குறைந்தாலே அறுவை வெற்றி என்பது இத்துறை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் அளவுகோல். மொத்த எடையில் பார்த்தால் உங்களுக்குக் குறைந்தது சுமார் 29 சதவீதம். ஸ்லீவ் செய்துகொண்டவர்களுக்குப் பொதுவாக 25 சதவீதத்தை ஒட்டித்தான் குறைகிறது. உங்கள் நாத்தனார் அறுபது கிலோவை மனத்தில் வைத்துக்கொண்டு கழித்துப் பார்க்கிறார். அந்தக் கழித்தலை எந்த அறுவை மருத்துவரும் உங்களுக்கு வாக்காகக் கொடுத்திருக்க மாட்டார்.

இனி, எடை ஏன் நிற்கிறது என்பது. 118 கிலோ உடலைச் சுமந்து குளக்கரையை ஒரு சுற்று வர ஆன செலவு, 84 கிலோ உடலுக்கு ஆகாது. சும்மா படுத்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலும் குறைந்துவிடுகிறது. எடைக் குறைவுக்கு ஏற்ற அளவைவிடச் சற்றுக் கூடுதலாகவே குறைகிறது. மேட்டூரில் தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் நம் ஆறுகளில் முறைவைத்துத் தண்ணீர் விடுவதுபோல, வரத்து குறைந்ததும் உடல் தன் செலவுகளை முறை வைத்துக்கொள்கிறது. பத்து மாதங்களுக்கு முன் பற்றாக்குறையாக இருந்த அதே உணவு இன்று வரவுக்கும் செலவுக்கும் சரியாகிப்போனது அதனால்தான். பசியின் பங்கும் உண்டு. ஸ்லீவில் இரைப்பையின் ஐந்தில் நான்கு பங்கை அகற்றும்போது, கிரெலின் என்னும் பசி ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும் மேற்பகுதியும் சேர்ந்து போய்விடுகிறது. முதல் ஆண்டில் பசியே தெரியாதது அந்தக் காரணத்தாலும்தான். பிறகு பலருக்குப் பசி மெல்லத் திரும்புகிறது.

எடைக் குறைப்பு அறுவை பற்றி ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அதில் ஸ்லீவ் இடம்பெறவில்லை, ஆனாலும் அது காட்டிய போக்கு உங்களுக்கும் பொருந்தும். பைபாஸ் செய்துகொண்டவர்களின் எடை ஒன்று முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் சராசரியாக 32 சதவீதம் குறைந்து அங்கே நின்றது. பத்தாம் ஆண்டில் கொஞ்சம் திரும்பி வந்து, குறைவு 25 சதவீதமாக இருந்தது. அப்படியிருந்தும், 2007இல் வெளியான கணக்கின்படி, அறுவை செய்துகொண்டவர்களிடையே இறப்பு, செய்துகொள்ளாதவர்களைவிட ஏறத்தாழ 29 சதவீதம் குறைவு. எடை நிற்பது இந்தச் சிகிச்சையின் இயல்பிலேயே இருக்கிறது. உங்களுக்கு வழக்கத்தைவிடச் சில மாதங்கள் முன்னதாக நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

தோழி சொல்லும் ஐந்து நாள் திரவ உணவை நான் பரிந்துரைக்க மாட்டேன். தையலிட்ட இரைப்பை கஞ்சி குடிப்பதால் சுருங்குவதில்லை. அந்த ஐந்து நாளில் இரண்டு கிலோ இறங்கக்கூடும். அதில் பெரும்பகுதி தண்ணீர். உடலில் சேமித்திருக்கும் கிளைகோஜன் என்னும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கிறது. அது கரையும்போது தண்ணீரும் போகும், ஆறாம் நாள் இட்லி சாப்பிட்டதும் திரும்பி வரும். இடையில் தசை இழப்புதான் மிச்சம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறொரு வரி: 'குழைந்த தயிர்சாதம், அல்லது ரசம் சாதம்.' நம் பக்கத்தில் உடம்புக்கு ஆகாதவர்களுக்கு அன்போடு பிசைந்து கொடுக்கும் உணவு இதுதான் என்பதால் இதை யாரும் சந்தேகிப்பதில்லை. குறுகிய இரைப்பைக்கோ இது மிகவும் வழுக்கலான உணவு. முட்டையோ மீனோ கெட்டிப் பருப்போ உள்ளே தங்கி, சிறிது உண்டதுமே போதும் என்று சொல்லவைக்கும். குழைந்த சோறு தங்காமல் இறங்கிவிடும், ஒரு மணி நேரத்தில் வாய் இன்னொன்றைத் தேடும். அப்போது கைக்கு எட்டுவது முறுக்கோ ரஸ்க்கோ பிஸ்கட்டோதான். இவை நொறுங்கிக் கரைந்து, நிறைவைத் தராமல் கடந்து போகிறவை. கைப்பிடிச் சாப்பாட்டை மூன்று வேளைக்குக் கணக்கில் வைப்பவர்கள், இடையில் சிறுகச் சிறுகக் கொறித்ததைக் கணக்கில் வைப்பதில்லை.

காப்பியைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை; தஞ்சை மாவட்டத்துக்காரன் இதைக் கேட்பது வயிற்றெரிச்சலாகத் தோன்றலாம், இருந்தாலும் கேட்கிறேன். கெட்டிப்பாலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரையும் சேர்ந்த ஒரு டம்ளர் காப்பி நூறு கலோரிக்குக் குறையாது. ஆசிரியர் அறையில் இரண்டு, வீட்டில் இரண்டு என்றால் நானூறு. திரவத்தை எந்த ஸ்லீவும் தடுத்து நிறுத்தாது. சர்க்கரையில்லாமல் குடிக்கப் பழகலாம், அல்லது ஒன்றோடு நிறுத்தலாம். இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பியோடு விழுங்காதீர்கள். அப்படி விழுங்கினால் அது உடலில் சரியாகச் சேராது. சுண்ணாம்புச்சத்து மாத்திரைக்கும் அதற்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும்.

அறுவை செய்துகொண்டவர்களுக்கு நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல். உங்கள் இலையில் அது எங்கிருந்து வருகிறது? ஒரு கைப்பிடி தயிர்சாதத்தில் ஐந்து கிராம் இருந்தால் அதிகம். தெளிந்த ரசத்தில் அதுவும் இல்லை. ஒரு முட்டையில் ஆறு கிராம், நூறு கிராம் மீனில் இருபது, நூறு கிராம் பன்னீரில் பதினெட்டு, ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பில் ஆறேழு. நீங்கள் சைவமா அசைவமா என்று எழுதவில்லை. அசைவம் என்றால் நாகப்பட்டினத்துக் கடல்மீனும் நம் குளத்து விராலும் இருக்க உங்களுக்குக் கவலையில்லை. எண்ணெயில் பொரிக்காமல் குழம்பிலிட்டு மீனை முதலில் உண்ணுங்கள். சைவம் என்றால் பன்னீர், சோயா, சுண்டல், கெட்டித்தயிர் ஆகியவற்றோடு, மருத்துவர் சொல்லும் புரதப் பொடியும் தேவைப்படலாம். எப்படியானாலும் வரிசை மாறட்டும்: புரதம் முதலில், காய் அடுத்து, இடமிருந்தால் சோறு. சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம். முடித்து அரை மணி கழித்துக் குடியுங்கள். விருந்து வீட்டில் பந்தியில் உட்கார்ந்து இந்த வரிசையைக் காப்பாற்றுவது எளிதல்ல. சோற்றைப் பிறகு போடச் சொன்னால் பரிமாறுபவர் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார், பார்க்கட்டும்.

குளக்கரை நடை நல்லது, விட வேண்டாம். நடை மட்டும் தசையைக் காக்காது. எடை வேகமாகக் குறைந்த மாதங்களில் கொழுப்போடு கொஞ்சம் தசையும் கரைந்திருக்கும். ஓய்விலும் ஆற்றலைச் செலவிடும் திசு அது. நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, இரு கையிலும் தண்ணீர் நிரப்பிய புட்டிகளைத் தூக்கி இறக்குவது என வாரத்தில் இரண்டு மூன்று நாள் தொடங்கினாலே போதும். அதனால் எடை மாறாமல் இடுப்பளவு குறையவும் கூடும். தினமும் எடை பார்க்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். மாதவிடாய்க்கு முன்னும், ஊறுகாயும் அப்பளமுமாகச் சாப்பிட்ட மறுநாளும், ஒரு கிலோ ஏறி இறங்குவது தண்ணீரால்தான். வாரம் ஒருநாள், அதே நேரத்தில் பார்த்தால் போதும்.

தைராய்டு, இரும்புச்சத்து, பி12, டி வைட்டமின் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனை நிலுவையில் இருந்தால் உடனே செய்துகொள்ளுங்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், மனச்சோர்வுக்கான சில மருந்துகள் போன்றவை எடையைப் பிடித்துவைப்பதுண்டு. வேறு நோய்க்காக எதையாவது உட்கொண்டால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரண்டாம் அறுவை: கடுமையான நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும், போதிய அளவு எடை குறையாதவர்களுக்கும், குறைந்ததில் பெரும்பகுதி திரும்பி ஏறியவர்களுக்கும் ஸ்லீவைப் பைபாஸாக மாற்றுகிறார்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இந்த மூன்றில் எதிலும் நீங்கள் இல்லை. எடைக் குறைப்புக்காக 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்த வாராந்திர ஊசிமருந்துகளை, அறுவைக்குப் பிறகு எடை நின்றவர்களுக்கும் சில மருத்துவர்கள் எழுதுகிறார்கள். பசியை இன்னும் குறைக்கும் மருந்துகள் அவை என்பதால், புரதமே போதாமல் உண்ணும் ஒருவர் உணவைச் சரிசெய்யாமல் அவற்றைத் தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. முடிவு உங்கள் மருத்துவருடையது. அவரிடம் போகும்போது, மூன்று நாள் வாயில் போட்டது அனைத்தையும், காப்பியும் வாய்க்கு ருசி பார்த்ததும் உட்பட, ஒரு தாளில் நேரத்தோடு எழுதி எடுத்துச் செல்லுங்கள். எடை இயந்திரத்தின் எண்ணைவிட அந்தத் தாளைத்தான் அவர் முதலில் கேட்பார்.