ஜெபல் அலியில் கிரேன் பயிற்சி: சிமுலேட்டரைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு

தூத்துக்குடியில் ரீச் ஸ்டேக்கர் (கண்டெய்னர் எனும் சரக்குப் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் வண்டி) ஓட்டிய அனுபவத்தோடு துபாயின் ஜெபல் அலித் துறைமுகத்திற்குப் பயிற்சி கிரேன் ஓட்டுநராக வரவிருக்கும் தம்பி, முதலில் சிமுலேட்டரில் (கிரேன் ஓட்டுவதைத் திரையில் பழக்கும் கருவி) உட்கார வைப்பார்களாமே, அது வெறும் கணினி விளையாட்டுத்தானா, அதில் தேறாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விளையாட்டு என்று எண்ணி வந்துவிடாதீர்கள். ரீச் ஸ்டேக்கரில் பெட்டி இரும்புக் கையோடு இறுகப் பிடிபட்டிருக்கும். வண்டி நின்றால் பெட்டியும் நிற்கும். கப்பலில் ஏற்றி இறக்கும் பெரிய கிரேனிலோ பெட்டி கம்பிவடங்களில் தொங்குவதால், ட்ராலி (வடங்களைத் தாங்கி கிரேனின் மேல் கையில் ஓடும் பகுதி) நின்ற பிறகும் அது முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். 30 மீட்டர் வடத்தில் தொங்கும் சுமை ஒருமுறை போய்த் திரும்ப ஏறத்தாழ 11 விநாடி பிடிக்கும். வடம் 10 மீட்டராகச் சுருங்கினால் 6 விநாடிக்குச் சற்று மேல் போதும். ஆகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டே நகர்த்தும்போது ஆட்டத்தின் கதியும் மாறிக்கொண்டே வரும். பெட்டி முன்னோக்கி வீசும் கணத்தில் ட்ராலியையும் அதே திசையில் சற்றே நகர்த்தி அதன் தலைக்கு மேல் கொண்டுபோய் நிறுத்தினால் ஆட்டம் அடங்கும். பயந்து பின்னால் இழுத்தாலோ அது இன்னும் கூடும். வண்டியை நிறுத்திப் பழகிய கைக்கு இது நேர் எதிரான பழக்கம் என்பதால், உங்கள் அனுபவம் எடை, ட்விஸ்ட் லாக் (பெட்டியின் மூலைகளைப் பிடிக்கும் பூட்டு), யார்டு (பெட்டிகளை அடுக்கும் திடல்) ஒழுங்கு ஆகியவற்றில் உதவுமேயன்றி இதில் உதவாது. இந்த ஒன்றுக்காகவே சிமுலேட்டரில் செலவிடும் நேரம் தகும் என்பது என் எண்ணம்.

அங்கே அசையும் மேடைமீது கேபினில் உள்ளது போன்ற இருக்கையும் இரு புறமும் ஜாய்ஸ்டிக்கும் இருக்கும். ஓட்டுநர் வேலை நேரத்தில் பெரும்பாலும் கண்ணாடித் தரை வழியாகக் கீழேதான் பார்ப்பார் என்பதால், காலுக்கடியிலும் திரை இருக்கும். பயிற்றுநர் பின்னால் அமர்ந்து, ஷமால் எனும் வடமேற்குக் காற்றையோ குளிர்காலத்து விடியற்காலை மூடுபனியையோ வரவழைப்பார். எடை ஒருபக்கம் சாய்ந்த பெட்டியைக் கொடுப்பார். ட்விஸ்ட் லாக் திறக்காமல் பெட்டியோடு டிரெய்லரும் மேலெழும்பும் நிலையைக்கூட உண்டாக்குவார். கப்பல் காத்துக் கிடக்கும் பெர்த்தில் இவற்றைப் பழகிப் பார்க்க எவரும் இடம் தரமாட்டார்கள். உங்கள் ஒவ்வொரு மோதலும் ஆட்டமும் பதிவாகும். வேகம் காட்டித் தேறலாம் என்று நினைக்கிறவர்கள்தாம் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். பெட்டி சீராக இறங்குகிறதா என்பதையே பயிற்றுநர் முதலில் பார்ப்பார்.

சிமுலேட்டர் தராதவையும் உண்டு. நாற்பது மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், உங்கள் பெட்டிக்கு அருகே லேஷிங் ஆட்கள் (கப்பலில் பெட்டிகளைக் கட்டியும் அவிழ்த்தும் விடுபவர்கள்) நடமாடுகிறார்கள் என்ற உணர்வு திரையில் வராது. மணிக்கணக்கில் குனிந்து பார்ப்பதால் கழுத்துக்கும் முதுகுக்கும் ஏற்படும் வலியும் குறுகிய பயிற்சியில் முழுதாகத் தெரியாது. அதனால்தான் அதன் பிறகும் மூத்த ஓட்டுநர் ஒருவர் உடனிருக்க, உண்மையான கிரேனில் சில காலம் பழக்குவார்கள். ஜெபல் அலியின் மூன்றாம் டெர்மினலில் கப்பல்துறை கிரேன்களைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்தே இயக்கும் முறை வந்திருக்கிறது. அங்கே பணியமர்த்தப்பட்டால், திரையைப் பார்த்து ஆழத்தைக் கணிக்கும் பழக்கமே நேரடியாக வேலைக்கு வரும். (உயரம் கண்டு தலைசுற்றும் எனக்கு அது முன்பே வந்திருக்கலாம்!)

இனி, தேறாவிட்டால் என்ன என்ற கேள்வி. அமீரகச் சட்டப்படி தகுதிகாண் காலம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. அக்காலத்தில் உங்களை நீக்க விரும்பும் முதலாளி 14 நாள் முன்னதாக எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். மறுவாய்ப்பு உண்டா, கிரேனுக்குப் பதில் யார்டு வண்டிக்கு மாற்றுவார்களா என்பதெல்லாம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும் என்பதால், கையெழுத்திடும் முன்பே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். ஆளெடுப்புச் செலவைத் தொழிலாளியிடம் வாங்குவதையும் இங்குள்ள சட்டம் தடுக்கிறது. ஆகவே, சிமுலேட்டர் பயிற்சிக் கட்டணம் என்று ஊரிலுள்ள ஏஜென்ட் யாராவது பணம் கேட்டால் கொடுக்காமல், வேலை தரும் நிறுவனத்திடமே நேரில் விசாரியுங்கள்.